சோறு இல்லை என்ற காட்சி: டெல்டா கிராமம் ஒன்றில் ஒரு திரையிடல்

படத்தில் கொலை நடந்தபோது யாரும் எழுந்து போகவில்லை. கல்லால் மண்டையில் அடித்து, விழுந்தவனைக் கட்டையால் திரும்பத் திரும்ப அடிக்கிற காட்சி. முன்வரிசைப் பையன்கள் அசையாமல் பார்த்தார்கள். பெரியவர்களில் ஒருவர் இருமினார், அவ்வளவுதான். ஆனால் பசியோடு வீட்டுக்கு வந்த பையனுக்கு அவன் அம்மா சாப்பாடு இல்லை என்று சொன்ன காட்சியில் ஒரு அப்பாயி எழுந்துவிட்டார். "பெத்தவ சோறு போடமாட்டேன்னு சொல்லுவாளா? இதெல்லாம் ஒரு படமா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு இருட்டில் நடந்தார்.

அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் இதே காட்சிக்காக, இதே காரணம் சொல்லி, மெக்சிகோவில் 1950-இல் ஒரு பெண் வேலையை விட்டே போயிருக்கிறார். அவர் இந்தப் படத்துக்குச் சிகை அலங்காரம் செய்தவர். எந்த மெக்சிகோத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள் என்பது அவருடைய கோபம். படத்தின் இயக்குநர் புனுவல் தன் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லியிருக்கிறார். முக்கால் நூற்றாண்டு தள்ளி, பாமணி ஆற்றுப் பாசனத்து ஊர் ஒன்றில் அதே வாக்கியம் வேறொரு வாயில் வருகிறது.

படம் 'லாஸ் ஒல்விதாதோஸ்', மறக்கப்பட்டவர்கள். இயக்கியவர் லூயி புனுவல். இளைஞர்களின் வன்முறையைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். நான் ஆவணப்படம் எடுப்பவன், சாப்பாட்டுக்குக் கல்யாண வீடியோ. இந்தப் படத்தை ஒரு கிராமத்தில், வெட்டுக்குத்து நடந்த ஓர் ஊரில், அந்தச் சண்டையில் நின்ற பையன்களுக்கே போட்டுக் காட்டினோம். என்ன நடந்தது, எங்கே நான் தவறினேன் என்பதை முழுதாக எழுதிவைக்கத் தோன்றியது.

ஊரும் சண்டையும்

ஊரின் பெயர் வேண்டாம். மன்னார்குடிப் பக்கம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் எப்போது வாய்க்காலுக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணுகிற ஊர். முன்பு நடவுக்கும் அறுப்புக்கும் ஊரே வயலில் நிற்கும். இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை எந்திரம் இறங்கினால் ஒரு மா நிலத்துக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். நிலம் இல்லாத வீடுகளில் அப்பா அம்மா இருவரும் திருப்பூர் பனியன் கம்பெனியில். பிள்ளைகள் அப்பாயி, அம்மாச்சி கையில்.

சித்திரைத் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஆடுகிற ஆட்டத்தில் எந்தப் பாட்டைப் போடுவது என்று ஆரம்பித்தது. அதற்கு ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாள் படம் வைத்து ஒருவரை ஒருவர் சீண்டியிருக்கிறார்கள். அன்று ராத்திரி 17 வயதுப் பையன் ஒருவனுக்குத் தோளில் வெட்டு. 14 தையல். இன்னும் நாலு விரல்கடை மேலே போயிருந்தால் கழுத்து. 18 வயது நிரம்பாத இரண்டு பேரை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தி, கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் வந்துவிட்டார்கள். வந்த பிறகு இரண்டு தெருவும் பேசிக்கொள்வதில்லை.

இரண்டு தெரு என்று எழுதிவிட்டு நகர முடியாது. நம் பக்கத்தில் தெரு என்றால் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் அரசு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றைத் தடைசெய்யச் சொல்லியிருந்தார். அது ஏதோ தென் மாவட்டத்துச் சங்கதி என்று இங்கே பலர் பேசினார்கள். எங்கள் பையன்களின் மணிக்கட்டைப் பார்த்தால் அப்படிப் பேச வாய் வராது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்திய மண் இது. வன்முறையை இந்தக் காலத்துப் பையன்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஏன் இந்தப் படம்

ஊரில் சாயங்காலம் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். இரண்டு தெருப் பிள்ளைகளும் போகிற ஒரே வீடு அவருடையது. அவர்தான் கூப்பிட்டார். "அறிவுரை சொல்ற குறும்படம் எதுவும் கொண்டுவராத தம்பி, அதுங்க கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு" என்றார். நான் உடனே இந்தப் படத்தைச் சொன்னேன்.

புனுவல் ஸ்பெயின்காரர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு நாடு திரும்ப முடியாமல், 1946-இல் மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே தயாரிப்பாளர் ஆஸ்கர் டான்சிகெர்ஸுக்கு ஒரு பாட்டுப் படம் எடுத்துத் தோற்றார், ஒரு நகைச்சுவைப் படம் எடுத்து ஜெயித்தார். அந்த ஜெயிப்பை வைத்துக்கொண்டுதான் ஏழைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வாய்ப்பு வாங்கினார். மாதக்கணக்கில் பழைய துணியைப் போட்டுக்கொண்டு மெக்சிகோ நகரத்துச் சேரிகளில் அலைந்தார். சீர்திருத்தப் பள்ளியின் கோப்புகளைப் படித்தார். குப்பைமேட்டில் ஒரு சிறுவனின் உடல் கிடந்ததாக நாளிதழில் வந்த செய்திதான் படத்தின் முடிவாக ஆனது. படப்பிடிப்பு 21 நாள்.

கதை சுருக்கமாக இது. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பி வந்த ஹைபோ, தன்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று நினைத்து ஹூலியனைக் கொல்கிறான். அதைப் பார்த்த சின்னப் பையன் பெத்ரோ வாயைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறான். பெத்ரோ வேலைக்குப் போய்த் திருந்தப் பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் ஹைபோ வந்து கெடுக்கிறான். கடைசியில் பெத்ரோவும் ஹைபோ கையால் சாகிறான். ஹைபோ போலீஸ் குண்டுக்குச் சாகிறான்.

1950 டிசம்பரில் வெளிவந்து சில நாட்களிலேயே தியேட்டரை விட்டுத் தூக்கினார்கள். மெக்சிகோவை அவமானப்படுத்திவிட்டான், இந்த அந்நியனை நாட்டை விட்டு அனுப்பு என்று கோஷம். தனிக்காட்சி முடிந்ததும் கவிஞர் லெயோன் பெலிப்பேயின் மனைவி நகத்தை நீட்டிக்கொண்டு புனுவலின் கண்ணுக்கே வந்துவிட்டார். ஓவியர் சிகெய்ரோஸ் பாராட்டினார். 1951-இல் கான் திரைப்பட விழாவில் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் தான் எழுதிய கட்டுரையை வாசலில் நின்று வருகிறவர்கள் கையில் கொடுத்தார். சிறந்த இயக்குநர் விருது புனுவலுக்கு. அப்புறம் அதே மெக்சிகோவில் படம் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. 2003-இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

படம் எடுக்கிறவனாக எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று. நம் படங்களில் அரிவாள் தூக்குகிற இளைஞனுக்கு ஸ்லோமோஷன் உண்டு, பின்னணி இசை உண்டு. வில்லனாக இருந்தாலும் அந்த நடைக்கு ஒரு அழகு கொடுத்துவிடுவோம். நானும் என் முதல் குறும்படத்தில் அதைச் செய்தேன். புனுவல் ஸ்லோமோஷனைக் கொலைக்குக் கொடுக்கவில்லை. பெத்ரோவின் கனவுக்குக் கொடுத்தார். கனவில் அம்மா கட்டிலை விட்டு மிதந்து வந்து, மகனை அணைத்து, பச்சை இறைச்சியைக் கையில் ஏந்தி நீட்டுகிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஹைபோவின் கை வந்து அதைப் பிடுங்குகிறது. படத்தில் அந்தப் பையனுக்கு வேண்டியது முழுக்க அந்த ஒரு கனவில் இருக்கிறது. அரிவாள் அல்ல, சாப்பாடு. அதுவும் அம்மா கையால்.

ஏழை என்பதால் யாரையும் நல்லவனாக்கவில்லை என்பது இன்னொரு விஷயம். அந்தப் படத்துக் குருட்டுப் பாடகன் பாவப்பட்டவன், அதே நேரத்தில் கொடூரமானவன். பிள்ளைகள் அவனைக் கல்லால் அடிக்கிறார்கள். அவனும் கடைசியில் ஒரு பிள்ளை சுடப்பட்டு விழுந்ததில் சந்தோஷப்படுகிறான்.

தயாரிப்பு

ஆங்கில சப்டைட்டில் எங்கள் பையன்களுக்கு ஓடாது. வசனம் முழுவதையும் தமிழில் எழுதி, டியூஷன் அக்கா மைக்கில் படிப்பது என்று முடிவானது. எழுதும்போதே ஒன்று புரிந்தது, பெயர்களை அப்படியே விட்டால் யாரும் ஒட்டமாட்டார்கள். அப்பா சந்தையில் நிற்கவைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று போய் வராமலே இருக்கிற ஒரு சிறுவன் படத்தில் உண்டு. அவன் பெயர் ஒஹீதோஸ், சின்னக் கண்கள் என்று அர்த்தம். அவனை 'சின்னக்கண்ணு' ஆக்கினோம். அந்தப் பெயரில் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள்.

இடம் பெரிய சிக்கல். கோயில் வாசல் ஒரு தெருவுடையது, சமுதாயக் கூடம் இன்னொன்றின் பக்கம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களம்தான் மிஞ்சியது. சீசனில் மூட்டை தூக்க இரண்டு தெருப் பையன்களும் அங்கே வருவார்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பி வெள்ளைப் பக்கம் வெளியே தெரியக் கட்டினோம். சம்பா அறுப்பு முடிந்து கொள்முதலும் ஓய்ந்திருந்தது. களத்தில் உமி இன்னும் காலில் குத்தியது.

பெரியவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். "கடைசியில பையன் சாவுற மாதிரி வேணாம் தம்பி. பண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்றான்ல, அதோட நிறுத்திக்க." நான் சரி என்றேன். மனதுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். புனுவலே இந்தப் படத்துக்கு மாற்று முடிவு ஒன்று எடுத்து வைத்திருந்தார். அதில் சாவது ஹைபோ மட்டும். பெத்ரோ பறிபோன பணத்தை மீட்டுக்கொண்டு பள்ளிக்குத் திரும்புகிறான். அந்தச் சுருள் 1996-இல்தான் கிடைத்தது. ஆனால் புனுவல் அந்த முடிவை மக்களுக்குக் காட்டவில்லை என்பதை அன்று எனக்கு வசதியாக மறந்துவிட்டேன்.

அந்த ராத்திரி

ஏழரைக்குக் கூட்டம் வந்தது. இடது பக்கம் ஒரு தெரு, வலது பக்கம் ஒரு தெரு. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடைவெளி. அதில் ஸ்டூலைப் போட்டு நான் புரொஜக்டரோடு உட்கார்ந்தேன். பெண்கள் இன்னும் பின்னால், தராசு அறைத் திண்ணையில்.

முதல் கால் மணி நேரம் கேலி. கறுப்பு வெள்ளைப் படமா என்று சத்தம். ஹைபோ வந்ததும் அடங்கினார்கள். அவன் நடக்கிற விதம், தோளில் கை போட்டுப் பேசுகிற விதம், பிரியம் காட்டிக்கொண்டே மிரட்டுவது. "இவன் மாதிரி நம்ம ஊர்லயும் இருக்கான்டா" என்று இடது பக்கத்தில் ஒரு குரல். வலது பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆளைத்தான் நினைத்தார்கள் என்று அக்கா பிறகு சொன்னார்.

அப்பாயி எழுந்து போன காட்சியைச் சொல்லிவிட்டேன். அக்கா அந்த அம்மாவின் வசனத்தைக் கத்தாமல், களைத்துப்போன குரலில் படித்தார். தெருவில் சுற்றுகிறவரைக்கும் இங்கே உனக்குச் சாப்பாடு கிடையாது என்பதுதான் அதன் சாரம். ஒருவேளை கத்திப் படித்திருந்தால் அப்பாயிக்குக் கோபம் வந்திருக்காதோ என்னவோ.

பண்ணைப் பள்ளியில் பெத்ரோ முட்டையை உடைத்துக் குடித்துவிட்டு, கோபத்தில் ஒரு முட்டையை நேராகக் கேமராவின் மேலே எறிகிறான். அது லென்ஸில் பட்டு வழிகிறது. ஃபிளெக்ஸ் முழுக்க முட்டை வழிந்தது. முன்னால் இருந்த ஒரு குட்டிப்பயல் எழுந்து போய் ஃபிளெக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஈரம் இல்லை என்று தெரிந்தும் துடைத்துக்கொண்டான். பெத்ரோ அப்படி நம்மைப் பார்த்து எறிவதற்கு இதைவிட நல்ல பார்வையாளன் கிடைக்கமாட்டான்.

பெத்ரோ கோழிகளை அடித்துக் கொல்கிறான். பள்ளித் தலைவர் அவனைத் தண்டிக்கவில்லை, முதலில் அவனுக்குச் சாப்பாடு போடச் சொல்கிறார். அப்புறம் கையில் 50 பெசோ கொடுத்து, வெளியே போய் சிகரெட் வாங்கிவரச் சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிறார். ஓடிப்போனால் பிடிக்க ஆள் இல்லை. பெத்ரோ முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வருகிறது. களத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. கூர்நோக்கு இல்லம் போய்வந்த இரண்டு பேரில் ஒருவன் முட்டிக்காலில் எழுந்து நின்றே பார்த்தான்.

அங்கே நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகு

விளக்கைப் போட்டதும் பெரியவர்கள் கைதட்டினார்கள். "நல்ல முடிவு" என்றார் ஒருவர். பையன்கள் தட்டவில்லை. முட்டிக்காலில் நின்றவன் என் பக்கத்தில் வந்து, "சிகரெட் வாங்கிட்டு வந்தானாண்ணே?" என்று கேட்டான். நான் பதில் சொல்லத் திணறினேன். "வந்திருப்பான்ணே. காசு கொடுத்து நம்புனாருல்ல" என்று அவனே சொன்னான்.

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் பொய்யோடு வீட்டுக்குப் போக முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் ஏழெட்டுப் பையன்கள் வயர் சுருட்ட நின்றார்கள், இரண்டு தெருவிலிருந்தும். லேப்டாப்பை மூட்டைகள் அடுக்கும் மரச்சட்டத்தின் மேல் வைத்து மிச்சத்தைப் போட்டேன். அக்காவும் இருந்தார். மைக் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்.

பெத்ரோ தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஹைபோ வந்து 50 பெசோவைப் பறிக்கிறான். பெத்ரோ எல்லார் முன்னாலும் ஹைபோதான் கொலைகாரன் என்று கத்துகிறான். அன்றைக்கே தொழுவத்தில் செத்துப்போகிறான். பிணத்தைப் பார்த்த தொழுவத்து வீட்டுத் தாத்தாவும் பேத்தி மெச்சேவும், பழி நம் மேல் வரும் என்று பயந்து, அவனைச் சாக்கில் போட்டுக் கழுதை மேல் ஏற்றிப் போகிறார்கள். எதிரே பெத்ரோவின் அம்மா வருகிறாள், மகனைத் தேடிக்கொண்டு. ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். சாக்கு குப்பைமேட்டில் உருள்கிறது. படம் முடிந்தது.

கொஞ்ச நேரம் தவளைச் சத்தம் மட்டும். அப்புறம் தோளில் தழும்பு வாங்கிய பையனின் தெருவைச் சேர்ந்த ஒருவன், "அந்தம்மாட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"பயந்துட்டாங்கடா" என்றான் அடுத்த தெருக்காரன்.

திருவிழாவுக்குப் பிறகு இருவரும் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். சண்டை நடந்த அன்று சாயங்காலமே அரிவாள் எந்த வீட்டுக் கூரையில் சொருகியிருந்தது என்று பாதி ஊருக்குத் தெரியும். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

நான் கண்டது

மறுநாள் அந்த அப்பாயி வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மோர் கொடுத்தார். மகனும் மருமகளும் திருப்பூரில், பேரனை வளர்ப்பது இவர். ரேஷன் அரிசி இருக்கிறது, பட்டினி கிடையாது. நெடுநேரம் வேறு எதையோ பேசிவிட்டு, "திருழாவுக்கு மொத நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வந்தான். சோறு இல்லன்னுட்டேன். பானைய கவுத்து வெச்சேன். உள்ள சோறு இருந்துச்சு, வேற சட்டில" என்றார். அவர் பேரன் கூர்நோக்கு இல்லம் போய்வந்த இரண்டு பேரில் ஒருவன்.

இதனால்தான் அது நடந்தது என்று சொல்ல வரவில்லை. சாதி, வேலையில்லாத கோடை, போன், கூட இருக்கிற ஒரு ஹைபோ, இத்தனைக்கும் பங்கு உண்டு. ஒரு கிழவியின் கவிழ்த்த பானை மேல் எல்லாவற்றையும் ஏற்றுவது அநியாயம். புனுவலும் அம்மா மேல் ஏற்றவில்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பலாத்காரத்தில் பெற்ற பிள்ளை பெத்ரோ என்பதை அவள் வாயாலேயே சொல்லவைக்கிறார். ஆனால் இந்தப் படம் யாரை ஏன் கோபப்படுத்துகிறது என்பது எனக்கு அந்தத் திண்ணையில்தான் தெளிவானது. ரத்தத்தைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை, ரத்தம் அடுத்த வீட்டுப் பையன் சிந்துவது. சோற்றுப்பானை நம் வீட்டில் இருக்கிறது. மெக்சிகோவில் புனுவலைத் துரத்தச் சொன்னவர்களுக்கும் இதே இடத்தில்தான் சுட்டிருக்க வேண்டும்.

என் தவறு, முடிவை வெட்டச் சம்மதித்தது. ஊர் முழுக்க இருந்து பார்க்க வேண்டிய அந்தக் கழுதைக் காட்சியை ஏழெட்டுப் பேர் ஒரு லேப்டாப்பில் பார்த்தார்கள். அரிவாள் இருந்த வீட்டைத் தெரிந்துவைத்திருந்த பெரியவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்களைத் தராசு அறைத் திண்ணைக்குத் தள்ளியதும் தவறு. மெச்சேயைத் துரத்துகிற ஆண்களைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்கவே இல்லை. சாதி என்ற சொல்லை அன்று ராத்திரி நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

அடுத்த தை முடிந்ததும் அதே களத்தில் மறுபடி போடச் சொல்லிப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள், முழுசாக. பெரியவர்களிடம் அக்கா பேசிக்கொண்டிருக்கிறார். அப்பாயி வருகிறேன் என்று சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஃபிளெக்ஸ் அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.